நாள் தள்ளிப்போனவளின் ஓட்டு

நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் சுங்குவார்சத்திரத்தில் ஆட்களை இறக்கிவிடும் நேரம். எங்கள் இதழைத் தோழியிடம் வாங்கிப் படிக்கும் ஒரு தங்கை, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "நாள் தள்ளிப்போய் ரெண்டு மாசம் ஆகுதுக்கா. கலைக்கணும்னா வீட்டுக்காரர் கையெழுத்து வேணுங்கறாங்க. எனக்குக் கல்யாணமே ஆகலையே, யார்கிட்ட போய் வாங்குறது?" சொந்த ஊர் தென் மாவட்டம். இங்கே ஹாஸ்டல் வாசம். அவளைத் திருப்பி அனுப்பியது ஒரு தனியார் மருத்துவமனை.

யாரிடமும் வாங்க வேண்டியதில்லை. பதினெட்டு வயது நிரம்பியவளுக்கு அவள் கையெழுத்து ஒன்றே போதும் என்று 1971இல் வந்த கருக்கலைப்புச் சட்டம் சொல்கிறது. கருத்தடை முறை தவறிக் கரு தங்கினால் கலைக்கலாம் என்ற பிரிவு மணமான பெண்ணையும் கணவரையும் மட்டும் பேசியது. 2021 திருத்தம் அங்கே 'பெண்' என்றும் 'துணைவர்' என்றும் எழுதியது. 20 வாரத்துக்கு மேல் 24 வாரம் வரை சில பிரிவினருக்குத் தரப்பட்ட அனுமதியை மணமாகாதவளுக்கு மறுப்பது பாகுபாடு என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவளோ அந்த 20 வாரத்தை நெருங்கக்கூட இல்லை. சட்டம் அவள் பக்கம் நிற்கிறது. அதை அவளிடம் சொல்லத்தான் ஆளில்லை.

ஓட்டு கேட்டு வருகிறவர்களும் சொல்வதில்லை. அமெரிக்காவில் இந்த ஒரு விஷயம் கட்சிகளையே இரண்டாகப் பிரித்துவைத்திருக்கிறது. கருக்கலைப்பு உரிமையைக் காத்துவந்த பழைய தீர்ப்பை அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் ரத்து செய்தபின், அது ஓட்டுச்சாவடிக்கே வந்துவிட்டது. 2024 நவம்பரில் மிசௌரி மாநில மக்கள் ஒரே நாளில் ட்ரம்புக்கும் ஓட்டுப் போட்டார்கள், அவர் கட்சிக்காரர்கள் எதிர்த்த கருக்கலைப்பு உரிமையையும் நிறைவேற்றினார்கள். கட்சி ஒரு சீட்டு, உடம்பு வேறு சீட்டு. அந்த இரண்டாவது சீட்டு நம் கைக்கு வந்ததே இல்லை.

என்றாலும் நம் நாட்டிலும் உடம்பு ஓட்டாக மாறியதுண்டு. நெருக்கடி நிலையின்போது, 1976–77 என்ற ஒரே ஆண்டில் 80 லட்சம் பேருக்கு மேல் கருத்தடை அறுவை செய்தார்கள். அதில் முக்கால்வாசி ஆண்கள். 1977 மார்ச் தேர்தலில் உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளில் காங்கிரஸுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. காரணங்கள் பல என்றாலும் அந்தக் கத்தியின் பயம் அதில் பெரிய காரணம். கட்டாயக் கருத்தடையின் வீச்சு அந்த அளவுக்கு எட்டாத தமிழ்நாட்டில் காங்கிரஸ் இருந்த அணியே பெரும்பாலான இடங்களை வென்றது. அதன்பின் 'குடும்பக் கட்டுப்பாடு' என்ற துறைப் பெயரே 'குடும்ப நலம்' ஆனது. பாரம் மெல்லப் பெண்கள்மேல் இறங்கியது. இன்று தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆணின் உடம்பில் கை வைத்தபோது ஆட்சி கவிழ்ந்தது. பெண்ணின் உடம்பைப் பற்றி எந்தக் கட்சியும் தேர்தல் மேடையில் வாய் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. இதை எழுதும்போது எங்களுக்குக் கை நடுங்குகிறது.

இத்தனைக்கும் இந்த மண்ணில் அதைப் பேசிய மரபு இருக்கிறது. நாட்டின் வறுமைக்காகவும் தாயின் உடல்நலத்துக்காகவும் கர்ப்பத்தடை வேண்டும் என்று மற்றவர்கள் சொன்ன காலத்தில், பெண் விடுதலைக்காகவே அது வேண்டும் என்றார் பெரியார். அவர் பெயரைச் சொல்லும் கட்சிகள்தாம் 1967 முதல் மாறி மாறி ஆண்டுவந்திருக்கின்றன. இலவசப் பஸ்ஸும் மாதம் ஆயிரம் ரூபாயும் தந்தார்கள். பெண்களுக்கு அவற்றின் அருமை தெரியும், ஓட்டிலும் காட்டுகிறார்கள். பிள்ளை வேண்டாம் என்கிற பெண்ணை மட்டும் எந்தத் தேர்தல் அறிக்கையிலும் காணோம்.

சுங்குவார்சத்திரத்தைச் சுற்றியுள்ள இந்தத் தொழில் வட்டாரத்தில் அந்தப் பெண் ஒருத்தி மட்டும் அல்ல. வல்லம் வடகாலில் சிப்காட் கட்டி 2024இல் திறந்த விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். 2021 டிசம்பரில் ஹாஸ்டல் சாப்பாடு விஷமானபோது நெடுஞ்சாலையில் உட்கார்ந்து ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தவர்கள் இவர்கள் போன்ற பெண்கள்தாம். மணமான பெண்களை இதே வட்டாரத்தின் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது, மத்திய அரசு அறிக்கை கேட்டது. தாலியும் கர்ப்பமும் வேலையோடு முடிச்சுப் போடப்பட்டிருப்பதாகப் பெண்கள் நம்புகிற இடத்தில், நாள் தள்ளிப்போனால் அவர்கள் என்ன பாடுபடுவார்கள் என்று வேட்பாளர்கள் யோசிக்கட்டும். இவர்களில் பலருடைய ஓட்டு இங்கே இல்லை, ஊரில் இருக்கிறது. இருக்கும் ஊர் எம்.எல்.ஏ.வுக்கு இவர்கள் வாக்காளர்கள் அல்லர். சொந்த ஊர் எம்.எல்.ஏ.வுக்கு இவர்கள் கண்ணில் படுவதே இல்லை. வசிப்பிடம் மாறியவர்கள் படிவம் 8 கொடுத்து ஓட்டை இங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஹாஸ்டல் ஹாஸ்டலாகப் போய்ச் சொல்லப்போகிறோம். ஓட்டு கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி கேட்கப்போகிறோம். இந்த வட்டார அரசு மருத்துவமனையில் எந்தெந்த நாளில், எந்த டாக்டர் கருக்கலைப்பு செய்கிறார்? கலைப்புக்குப்பின் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று சட்டம் எழுதிவைத்திருக்கிறதே, இங்கே எத்தனை பெண்களுக்கு அது கிடைத்தது?

அந்தத் தங்கையை ஓர் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். படிவம் 'சி'யில் அவள் மட்டும் கையெழுத்துப் போட்டாள். சாயங்காலமே வெளியே வந்துவிட்டாள். மருத்துவமனைச் சீட்டில் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்து நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். "இதக் காட்டி எப்படிக்கா லீவு கேக்குறது?" காய்ச்சல் என்று லைன் லீடருக்குப் போன் போட்டுச் சொன்னாள். நாலாம் நாள் கம்பெனி பஸ் ஏறிவிட்டாள்.