பரிசலும் போர் விமானமும்

சென்ற விடுமுறையில் யாம் ஒகேனக்கல்லிற் பரிசலேறினோம். ஒற்றைத் துடுப்பாற் சுழிகளை விலக்கிச் செலுத்திய பரிசலோட்டியைக் கண்டு வியந்த எம் தோழர் ஒருவர், “கைத்திறன் இருப்பின் சிறந்த கருவி எதற்கு?” என்றார். போர் விமானங்களைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

1971 டிசம்பர் 14-ஆம் நாள், ஸ்ரீநகர் விமானத்தளத்தை ஆறு சேபர் விமானங்கள் தாக்கின. 18-ஆம் படைப்பிரிவினரான நிர்மல் ஜித் சிங் செகோன், ‘நேட்’ என்னும் சிறு விமானத்திலேறி அவற்றை எதிர்த்துப் பொருது உயிர் நீத்தார். மறைவிற்குப்பின் பரம வீர சக்கரம் அளிக்கப்பெற்றது. கண்ணும் கையும் நெஞ்சுரமுமே அவர்க்குப் பெருந்துணையாயின.

அதே படைப்பிரிவு 2020-இல் கோயம்புத்தூரை அடுத்த சூலூரில் தேஜஸ் விமானங்களைச் செலுத்தத் தொடங்கிற்று. தேஜஸைக் கணினி நிலைபெறச் செய்கின்றது. கண்ணுக்கெட்டாப் பகையை ராடார் காட்டுகின்றது. ஆயினும் காட்டியவற்றுள் எதனை நம்புவது, எப்பொழுது தாக்குவது என்று துணிபவன் விமானியே. திறமை அழிந்ததன்று, கையினின்று கருத்திற்குப் பெயர்ந்தது.

ஆனால் திறமையைப் புகழ்ந்தே பழங்கருவியை நீட்டித்தல் அறமாகாது. 1963-இல் நம் படையிற் சேர்ந்த மிக்-21 தன் காலத்திற் சிறந்ததே. எனினும் அது 2025 செப்டம்பர் 26-ஆம் நாளன்றே ஓய்வு பெற்றது. இடையில் விபத்துகளில் மாண்ட விமானிகள் பலர். வீரனைப் போற்றும் நாடு அவனுக்குத் தக்க கருவியையும் காலத்தில் அளித்தல் வேண்டும்.

அப்பரிசலோட்டியும், தம் திறமையில் ஐயமில்லாதவராயினும், மிதவைச் சட்டை அணிவித்த பின்னரே எம்மை ஏற்றினார்!