மேட் இல்லாத ஊரில் டிஃபென்ஸ் எப்படித் தேறும்?

புரோ கபடி ஏலம் முடிந்த மறுநாள் கடலூர் மாவட்டத்துப் பெண்ணாடம் கடைத்தெருவில் நின்று கேட்டால் ஒரே பேச்சுதான் காதில் விழும். "ரைடருக்கு ஆள் இருக்கு. டிஃபென்ஸ் நிக்குமா?" தமிழ் தலைவாஸ் 2017-இல் களத்துக்கு வந்த நாள் முதல் இந்தக் கேள்வி மாறவே இல்லை. கோச் மாறினார்கள், கேப்டன் மாறினார்கள், சம்பளம் கோடிகளில் ஏறியது. கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

2025 ஏலத்தில் அர்ஜுன் தேஷ்வாலை 1 கோடியே 40 லட்சத்துக்குச் சற்று மேல் கொடுத்து எடுத்தார்கள். பவன் செஹ்ராவத்தைத் திரும்ப அழைத்து வந்தார்கள். புதுக் கோச்சாக சஞ்சீவ் பலியான் வந்தார். இந்த முறை கோப்பை நமக்குத்தான் என்று பிள்ளைகள் துள்ளினார்கள். பவன் பாதியிலேயே அணியை விட்டுப் போனார். 12 அணிகளில் முதல் எட்டு இடத்துக்குக்கூட நம் அணி வரவில்லை.

அதற்கு முந்தைய சீசனைப் பாருங்கள். 2024-இல் அந்தப் போட்டித் தொடரில் அதிகப் பிடிப் புள்ளி எடுத்தவர்களில் ஒருவர் நம் அணியின் நிதேஷ் குமார், 77 புள்ளிகள். அப்படிப்பட்ட பிடிகாரர் நம் கார்னரில் நின்றும் அணி ஒன்பதாவது இடத்தில் முடித்தது. ஒரே ஒரு முறை, 2022-இல், தலைவாஸ் அரையிறுதிக்குப் போனது. அந்த வருஷம் 2 கோடியே 26 லட்சம் கொடுத்து வாங்கிய பவன், முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு வெளியே போய்விட்டார். நரேந்தர் என்ற புதுப் பையன் பாடிப் பாடிப் புள்ளி சேர்த்தான். பின்னால் நின்று பிடித்தவர்களில் சாகரும் தமிழ்நாட்டு அபிஷேக்கும் முந்தைய சீசனிலிருந்தே பக்கத்துப் பக்கத்தில் நின்று பழகியவர்கள். விலை உயர்ந்த ஆள் போன பிறகும் அணி நின்றது என்றால், அந்தப் பழக்கத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கபடி ஆடியவர்களுக்கு இது தெரியும். பாடிப் போகிறவனுக்குக் கையில் இருப்பது 30 விநாடி. அவன் தனியாகப் பழகலாம்; வேகத்தையும் திரும்பும் லாகவத்தையும் வயல் வரப்பில்கூடச் சீராக்கிக்கொள்ளலாம். பிடிப்பவன் அப்படிப் பழக முடியாது. கார்னரில் நிற்பவன் பாய்ந்து கணுக்காலைப் பிடித்த கணத்தில், பக்கத்துக் கவர் இடுப்பைக் கட்ட வேண்டும், மூன்றாமவன் நடுக்கோட்டுக்குப் போகும் வழியை அடைக்க வேண்டும். இவர்களில் ஒருவன் அரை நொடி தயங்கினால் பிடித்தவன், கட்டியவன், தடுத்தவன் மூவரையும் இழுத்துக்கொண்டு ரைடர் கோட்டைத் தொட்டுவிடுவான். எதிராளியின் வலது கால் எப்போது முன்னால் வரும், தன் பக்கத்து ஆள் எந்த நொடியில் பாய்வான் என்பதெல்லாம் உடம்பில் ஊறியிருக்க வேண்டும். அது ஊற வேண்டுமானால் ஏழு பேரும் ஒரே இடத்தில், ஒரே தரையில், மாதக்கணக்கில் விழுந்து எழ வேண்டும்.

தரை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மண்ணில் வெறுங்காலோடு ஆடும்போது ரைடரின் பாதம் சற்று வழுக்கும். அந்த வழுக்கலைக் கணக்கில் வைத்தே நம் பிள்ளைகள் கால் பிடிக்கப் பழகுகிறார்கள். களத்தில் விரிக்கும் மேட்டில் ஷூ போட்டவன் காலை ஊன்றினால் ஊன்றியதுதான், அங்கிருந்தே உந்தித் திரும்பிவிடுவான். மண்ணில் வெற்றியான பிடி மேட்டில் ஒரு நொடி தாமதமாகிவிடுகிறது. மாவட்ட, மாநிலத் தேர்வுக்குப் போய் முதன்முதலாக மேட்டைத் தொடும் பையன் பத்து நிமிடத்தில் மூன்று முறை கோட்டை விடுவான். தேர்வாளர் தாளில் அவன் பெயருக்கு நேரே கோடு விழும். அவன் திறமை குறைந்தவன் என்று அதற்கு அர்த்தமா?

2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் ஈரானிடம் அரையிறுதியில் 18-27 என்று இந்தியா தோற்றதை மறந்திருக்க மாட்டோம். 1990 முதல் தொடர்ந்து தங்கம் வென்ற ஆண்கள் அணி அன்று வெண்கலத்தோடு திரும்பியது. மல்யுத்தம் வேரூன்றிய நாடு ஈரான். மேட்டில் விழுவதும் ஆளைக் கட்டி உருட்டுவதும் அங்கே சிறுவர்களுக்குப் பள்ளி வயதிலேயே பழக்கமாகிவிடும். 2023 ஏலத்தில் அந்நாட்டு டிஃபெண்டர் சாத்லூயியை 2 கோடியே 35 லட்சத்துக்குப் புனே அணி எடுத்தது. பிடிக்குத்தான் இன்று அந்த விலை.

தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிடிகாரர்கள் பிறப்பதில்லையா? தஞ்சாவூர் மாவட்டக் கிராமத்திலிருந்து வந்த தர்மராஜ் சேரலாதன் கார்னரில் நின்று, 2016-இல் பாட்னா அணிக்குக் கேப்டனாகக் கோப்பையே வாங்கினார். நாற்பதைத் தாண்டியும் ஆடினார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார், ஆண்கள் அணியில் வடுவூர் அபினேஷ் இருந்தார். ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறது. அவர்கள் பயில இடம் எங்கே இருக்கிறது என்பதில்தான் நாம் தோற்கிறோம்.

பெண்ணாடத்துக்கு வருவோம். மெய்கண்டார் பிறந்த ஊர், தூங்கானை மாடக் கோயில் ஊர் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். சுற்றிலும் இறையூர், முருகன்குடி, மாளிகைக்கோட்டம் என்று கரும்பும் நெல்லும் விளையும் கிராமங்கள். பொங்கலில் தொடங்கிக் கோடை முடியும்வரை இந்தப் பக்கம் எங்காவது லைட் கட்டி, மைக் செட் போட்டு, இரவெல்லாம் கபடி நடக்கும். மே மாதம் ஆட்டம் ஓய்கிற வேளையில் தரை பாறையாகிவிட்டிருக்கும். முழங்கை தோல் உரியும், முட்டி வீங்கும். அதற்குப் பயந்தே பல பையன்கள் பாய்ந்து பிடிப்பதை விட்டுவிட்டு நின்றவாக்கில் தள்ளிவிடும் பழக்கத்துக்கு வந்துவிடுகிறார்கள். அக்டோபர் பிறந்தால் வடகிழக்குப் பருவமழை. களிமண் சேறாகிவிடும், டிசம்பர் கடைசிவரை மைதானத்தில் கால் வைக்க முடியாது. சீசன் முடிந்த பிறகு ஓர் அணி தன் பிடியைச் சரிசெய்துகொள்ள வேண்டிய மாதங்கள் இவைதான். அந்த மூன்று மாதமும் நம் பிள்ளைகள் வீட்டுத் திண்ணையில் செல்போனில் மற்றவர்கள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாவட்ட விளையாட்டு மைதானமான அண்ணா விளையாட்டரங்கம் கடலூரில் இருக்கிறது. இங்கிருந்து விருத்தாசலம், நெய்வேலி தாண்டி எண்பது கிலோமீட்டர் அளவுக்குப் போக வேண்டும். பள்ளி விட்டு நாலரை மணிக்குக் கிளம்பும் பையன் எத்தனை மணிக்குப் போய், எத்தனை மணிக்குத் திரும்புவான்? பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். விளக்கும் கழிப்பறையும் உடை மாற்ற ஓர் அறையும் இல்லாத மைதானத்துக்கு எந்தத் தாய் பொழுது சாய்ந்த பிறகு மகளை அனுப்புவாள்? பத்தாம் வகுப்பில் மாவட்ட அளவுக்கு ஆடும் பெண், பிளஸ் டூவில் களத்திலேயே இல்லை.

உயிர்ச்சேதமும் நம் மாவட்டத்தில் நடந்திருக்கிறது. 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே மானடிக்குப்பத்தில் நடந்த ஆட்டத்தில், பாடிப் போன கல்லூரி மாணவர் ஒருவர் பிடியிலிருந்து மீளும்போது மார்பில் அடிபட்டு, எழுந்திருக்க முயன்று அப்படியே சாய்ந்து இறந்தார். அந்தக் காட்சியைச் செல்போனில் பார்க்காதவர்கள் கடலூர் மாவட்டத்தில் குறைவு. பிடிக்கிறவன் எப்படி விழ வேண்டும், முட்டியை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லித்தர ஒரு பயிற்சியாளர் வேண்டும். முதலுதவி தெரிந்த ஒருவரும் ஆம்புலன்ஸ் வண்டியும் வராமல் எந்த ஊரிலும் ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது. விழாக்குழுவினர் பரிசுத்தொகைக்குச் செலவிடும் பணத்தில் இதற்கு எவ்வளவு ஆகிவிடும்?

வழி இல்லாமல் இல்லை. தொகுதிக்கு ஒரு முதலமைச்சர் சிறு விளையாட்டரங்கம், ஒவ்வொன்றுக்கும் 3 கோடி ரூபாய் என்று அரசே அறிவித்திருக்கிறது. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியும் ஆண்டுக்கு 3 கோடி. 2024 பிப்ரவரியில் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டம் கிராம ஊராட்சிகளை நினைத்துத் தீட்டப்பட்டது, அது நல்ல திட்டம். ஆனால் பெண்ணாடம் பேரூராட்சி. தவிர, கபடிக்கு முதல் தேவை மட்டையோ பந்தோ இல்லை, தரைதான்.

நாம் கேட்பது பெரிய அரங்கமும் இல்லை. பக்கவாட்டில் சுவர் இல்லாமல், இரும்புத் தூண்களின் மேல் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலக் களமும் சுற்றிலும் கொஞ்சம் இடமும் அடங்கினால் போதும். ஒரு செட் மேட். விளக்கு, கழிப்பறை. திட்டக்குடி, விருத்தாசலம் பகுதிக்குச் சேர்த்து மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலிருந்து ஒரு கபடிப் பயிற்சியாளர். வாரத்தில் மூன்று நாள் வந்தாலும் போதும், அதில் ஒரு நாள் பெண்களுக்கு என்று தனியாக ஒதுக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கை ஊர்மக்கள் போட்டால் மீதியை அரசு தரும் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. வெளிநாட்டிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் திருவிழாக் கோப்பைக்கு அள்ளித் தருகிறார்கள். ஒரு வருஷம் அதில் பாதியை இதற்குத் தரட்டும்.

பேரூராட்சி மன்றம் வரும் கூட்டத்திலேயே இடம் ஒதுக்கித் தீர்மானம் போட வேண்டும். ஊரில் உள்ள கபடிக் குழுக்கள் தனித்தனியாக மனு கொடுக்காமல், எல்லோரும் ஒரே மனுவில் கையெழுத்திட்டு, திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியர் கையில் கொடுக்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர் இருவருக்கும் அதன் நகல் போகட்டும். அக்டோபரில் மழை இறங்குவதற்குள் கூரை நிற்க வேண்டும்.