சாவி யாரிடம்?



ஏறாவூரிலிருந்து செங்கலடி வந்து, பதுளை வீதியால் கரடியனாற்றுப் பக்கம் தினமும் படிப்பிக்க வரும் ஆசிரியர்கள் நாங்கள். வழியில் ஒரு பொதுநோக்கு மண்டபம். பெயர் சொல்ல மாட்டோம், போய்வருபவர்களுக்குத் தெரியும். பீலி தொங்குகிறது, யன்னலைக் கறையான் தின்றுவிட்டது, உள்ளே ஆட்டுப் புழுக்கை. வாசல் கல்லில் திறந்து வைத்தவர்களின் பெயர்கள் மட்டும் இன்னும் பளபளக்கின்றன.

பக்கத்து பஸ் தரிப்பிடத்தில் மாடு படுத்திருக்கும், மனிதர் மழையில் நிற்பர். மலசலகூடத்துக்குப் பூட்டு. சாவி கேட்டால் தலைவர் செயலாளரைக் காட்டுவார், செயலாளர் சபையைக் காட்டுவார். சபையில் கேட்டால் சங்கத்திடம் கொடுத்தாயிற்று என்பார்கள். ஆசிரியைமாரும் பெண் பிள்ளைகளும் தண்ணீர் குடிக்காமலே பஸ் ஏறுகிறார்கள்.

கேட்டால் எல்லாரும் யுத்தம் என்கிறார்கள். உண்மைதான். 1990இல் உறுகாமத்திலிருந்து எங்கள் சனம் வெளியேறியது. 2007 வரை இந்தப் பகுதி பட்டதை எல்லோரும் அறிவோம். 2010 செப்டம்பர் 17இல் வீதி வேலைக்கு வைத்திருந்த வெடிமருந்து வெடித்து, கரடியனாறு பொலிஸ் நிலையமே தரைமட்டமானது. 20க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ஆனால் இந்த மண்டபத்தை எந்தக் குண்டும் தொடவில்லையே! யுத்தம் முடிந்தபிறகு கட்டியது இது. பீலியில் அடைத்த இலையை ஒருவரும் எடுக்கவில்லை. தண்ணீர் சுவருக்குள் இறங்கியது, கம்பி துருப்பிடித்தது, கொங்கிறீட் வெடித்தது. ஓர் ஏணியும் அரை மணி நேரமும் போதுமாயிருந்தது.

கட்டக் காசு வரும், பராமரிக்க வராது. திறப்பு விழாவுக்கு மாலை உண்டு. பீலி துப்புரவாக்குபவனுக்கு யார் மாலை போடுவது?

அரசியல்வாதியை மட்டும் ஏசி என்ன பயன்? பள்ளிவாயலுக்குள் செருப்போடு போகமாட்டோம், மதிலுக்கு வெளியே சொப்பிங் பையை வீசுவோம். அதுவும் பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவது ஈமானின் கிளை என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு! (கோயில் வீதியிலும் இதே கதைதான், தமிழ் உறவுகள் கோபிக்கக்கூடாது.)

'எங்கள் ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னால் பிள்ளைகள் குளம், வயல், மாடு எல்லாம் எழுதுகிறார்கள். அந்த மண்டபத்தை ஒரு பிள்ளைகூட எழுதவில்லை. தங்களுடையது என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லை. அதைத்தான் எங்களால் பொறுக்க முடியவில்லை.

மாரி தொடங்க முன்னம் ஒரு சனிக்கிழமை வருகிறோம். ஏணி எங்களிடம் இருக்கிறது. சாவியை வைத்திருப்பவர் இன்பொக்ஸில் சொல்லுங்கள், பெயர் போடமாட்டோம்.