பூட்டு இருக்கு சரி, அந்தாண்ட உட்கார்ந்திருக்கிறது யாரு?

"பூட்டுப் படம் தெரியுதுல்ல? எல்லாம் என்கிரிப்ஷன்தான். அப்புறம் என்ன பயம்?" லைட் வாலட் பத்தி யார் பதிவு போட்டாலும் முதல் பின்னூட்டம் இதான். விருத்தாசலம் பீங்கானைப் பார்த்து வளர்ந்தவன் சொல்றேன் மக்களே, மேல கிளேஸ் பளபளன்னு இருந்தா உள்ள விரிசல் இல்லைன்னு அர்த்தமில்ல.

பிட்காயினோட முழுக் கணக்குப் புத்தகம் 600 ஜிபிக்கு மேல. நல்லூர்ல உட்கார்ந்து போன் டேட்டாவுல அதை இறக்க முடியுமா? அதனாலதான் எலெக்ட்ரம் மாதிரி லைட் வாலட்டுங்க, எவரோ நடத்துற சர்வர்கிட்ட "இந்த முகவரியில எவ்ளோ இருக்கு?"ன்னு கேட்டு வாங்கிக்குது. நடுவுல ஒட்டுக்கேட்கிறவனுக்கு ஒண்ணும் புரியாது, ஒத்துக்கறேன். ஆனா பதில் சொல்ற சர்வருக்கு? உங்க முகவரி அத்தனையும், உங்க ஐபி எண்ணும் ஒரே இடத்துல கிடைக்குது. கதவைச் சாத்திட்டு, முன்பின் தெரியாதவன்கிட்ட சொத்துக் கணக்கைப் படிச்சுக் காட்டுற கதைதான்.

அந்த ஆள் யோக்கியனான்னு பூட்டு சொல்லாது. 2018 டிசம்பர்ல திருடனுங்களே எலெக்ட்ரம் சர்வர்களை நடத்தினானுங்க. பணம் அனுப்பப் போனவங்களுக்கு "புது வெர்ஷன் இறக்குங்க"ன்னு பிழைச்செய்தி காட்டி, போலி வாலட்டைத் தலையில கட்டினானுங்க. 200 பிட்காயினுக்கு மேல போச்சு. அந்தாண்ட இருக்கிறவனே திருடன்னா என்கிரிப்ஷன் என்ன செய்யும், பாவம்!

அடுத்த கோஷ்டி, "மறைக்க ஒண்ணுமில்லாதவனுக்கு என்ன பயம்?" பார்ட்டிங்க. லெட்ஜர் கம்பெனியில 2020ல திருடுபோனது காசு இல்லீங்க, வாடிக்கையாளர் பட்டியல். சுமார் 2,72,000 பேரோட பேரு, வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் இணையத்துக்கு வந்துச்சு. அப்புறம் என்ன, மிரட்டல் மெயில்தான். உங்க வீட்டு மொய் நோட்டை பஸ் ஸ்டாண்டு சுவத்துல ஒட்டினா சும்மா இருப்பீங்களா? வருமான வரிக் கணக்குல காட்ட வேண்டியதைக் காட்டுங்க, 30 சதவீதம் கட்டுங்க. அது வேற. ஊர் பேர் தெரியாத சர்வருக்கு எதுக்குக் கணக்குக் காட்டணும்?

"விபிஎன் போட்டுக்கறேன்"னு சொல்றவங்களுக்கு: 2022 ஏப்ரல் 28ல செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, விபிஎன் கம்பெனிங்க வாடிக்கையாளர் பேரு, முகவரி, போன், ஐபி எல்லாத்தையும் 5 வருசம் வச்சிருக்கணும். எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன் எல்லாம் அந்த வருசமே இந்திய சர்வர்களை மூட்டை கட்டிட்டாங்க. அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு உச்ச நீதிமன்றத்துல 9 நீதிபதிகள் 2017ல சொன்ன நாடுதான் இது! பட்டியல்னு ஒண்ணு இருந்தா ஒருநாள் கசியும். லெட்ஜர்ல நடந்தது இங்க நடக்காதுன்னு யார் எழுதிக் கொடுப்பா?

அப்ப என்னதான் வழி? ப்ளஸ் டூ ரிசல்ட் பேப்பர்ல வந்த காலம் ஞாபகம் இருக்கா? பேப்பர் வச்சிருக்கிறவர்கிட்ட நம்பரைச் சொன்னா, நாம பாஸா ஃபெயிலான்னு நமக்கு முன்னாடி அவருக்குத் தெரிஞ்சுடும். நாமளே பேப்பர் வாங்கிட்டா, எந்த நம்பரைத் தேடினோம்னு கடைக்காரருக்குக்கூடத் தெரியாது. நியூட்ரினோ (தேனி நியூட்ரினோ இல்ல சாமி!) வகை வாலட் செய்யறது அதைத்தான். எல்லாருக்கும் ஒரே சுருக்கப் பட்டியலை இறக்கி, நம்ம போன்லயே தேடிக்கும். வசதி இருந்தா வீட்டு கம்ப்யூட்டர்லயே சொந்த நோடு, சொந்த எலெக்ட்ரம் சர்வர். அதுவும் முடியலைன்னா டார் வழியா போங்க. முகவரிகளை அப்பவும் சர்வர் பார்க்கும், ஆனா உங்க ஐபியாவது மறையும்.

வாலட் விமர்சனம் எழுதுற பதிவர்களே, கலரு, டிசைனு, பூட்டுன்னு ஒரு பக்கம் எழுதறீங்க. "இந்த வாலட் யார்கிட்ட போய்க் கேட்குது?"ன்னு ஒரே ஒரு வரி சேர்த்து எழுதுங்க. உங்களை நம்பித்தான் படிக்கிறவன் தன் காசைப் போடுறான்.

திட்டறவங்க பின்னூட்டத்துல வரிசையா வாங்க :-)