காசு வாங்காத கௌரவம்

கொன்ராடோ மர்ரேரோ என்ற பெயரை வாசகர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. கியூபாவிலே, சாகுவா லா கிராண்டே ஊருக்கு அருகே 'எல் லபெரிந்தோ' என்ற பண்ணையில் 1911-ல் பிறந்த குடியானவர். ஐந்தரை அடி உயரந்தான். ஆனால் அவர் எறிந்த பேஸ்பால் பந்து வளைந்து வளைந்து வந்து, மலை போன்ற மட்டைக்காரர்களையும் திணற அடித்தது!

அவருடைய பெயர் நிலைத்தது அமெச்சூர் ஆட்டத்திலே. 1941-ல் ஹவானாவில் நடந்த அமெச்சூர் உலகப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் வெனிசூலாவிடம் 3-1 என்று தோற்றார். முதல் சுற்றிலேயே அந்த மூன்றும் போய்விட்டன. நாடே துக்கம் கொண்டாடியது. அடுத்த வருஷம் பழி தீர்த்துக்கொண்டார்.

அமெச்சூர் என்றால் காசு வாங்காமல் ஆடுகிறவர். ஆகவே உயர்ந்தவர் என்று நினைக்கிறோம். கியூபாவில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அமெச்சூர் கழகங்கள் வெள்ளையர்களின் சங்கங்கள். கருப்பர்கள் உள்ளே வர முடியாது. 1959 புரட்சி வரை இதுதான் நிலைமை. காசுக்கு ஆடும் தொழில்முறைப் போட்டியிலோ கருப்பர்கள் 1900-லிருந்தே ஆடினார்கள். காசு புழங்கிய இடத்தில் மனிதத்தன்மை இருந்தது. கௌரவம் பேசிய இடத்தில் வேலி இருந்தது. என்ன விசித்திரம்!

வேலிக்கு உள்ளே இருந்தவராவது லாபமடைந்தாரா? ஜனங்கள் தலைமேல் வைத்துக் கூத்தாடினார்கள், அவ்வளவுதான். தொழில்முறை ஆட்டத்துக்கு மர்ரேரோ வந்தபோது வயது முப்பத்தைந்தை நெருங்கிவிட்டது. மற்றவர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கும் வயது! 1947-ல் 'ஹவானா கியூபன்ஸ்' குழுவுக்காக 25 வெற்றி, 6 தோல்வி. 1950-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் குழுவில் முதல் ஆட்டம் ஆடினார். இன்னும் நாலு நாளில் 39 வயது. மறு வருஷமே நட்சத்திர ஆட்டக்காரர்களின் அணிக்குத் தேர்வானார். ஐந்தே வருஷங்களில் 39 வெற்றி, 40 தோல்வியோடு கணக்கு முடிந்தது. இருபத்தைந்து வயதில் போயிருந்தால் எத்தனை வென்றிருப்பாரோ!

புரட்சிக்குப் பிறகு அவர் நாட்டை விட்டு ஓடவில்லை. ஹவானாவிலேயே தங்கி, இளைஞர்களுக்குப் பந்தெறியக் கற்றுக்கொடுத்தார். அதற்கும் ஒரு விலை இருந்தது. 1947 முதல் 1979 வரை ஆடி, ஓய்வூதியத் தகுதி பெறாதவர்களுக்கு உதவித்தொகை தருவதென்று அமெரிக்க பேஸ்பால் சங்கத்தார் 2011-ல் முடிவு செய்தனர். மர்ரேரோவுக்கு 20,000 டாலர். ஆனால் கியூபாவின் மீது அமெரிக்கா விதித்திருந்த பொருளாதாரத் தடை குறுக்கே நின்றது. நூறு வயதைத் தாண்டி, கண்பார்வையும் மங்கிவிட்ட கிழவருக்குச் சேர வேண்டிய கூலியைத் தடுத்தால் எந்த அரசாங்கம் கவிழ்ந்துவிடும்? எனக்கு விளங்கவில்லை.

பணம் ஒருவழியாக வந்து சேர்ந்தது. 2014 ஏப்ரல் 23-ந்தேதி அவர் காலமானார். இன்னும் இரண்டு நாளில் 103 வயது.