வால் எங்கே, ஐயா?

கொட்டாம்பட்டியில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. காலையும் மாலையும் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு குன்றோரங்களில் திரிவது அவருக்குப் பொழுதுபோக்கு. ஒருநாள் ஒரு கீரியின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். ரோமத்தை ஒவ்வொன்றாக எண்ணலாம்; கண்ணிலே அந்திச் சூரியன் மின்னியது.

"அபாரம்! ஆனால், வால் எங்கே?" என்று கேட்டேன்.

"வாலா? அது அழகைக் கெடுத்தது. வெட்டிவிட்டேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அவர் கொடுத்த காப்பி ஆறிப் போயிற்று.

வாலில் என்ன இருக்கிறது என்று நீங்களும் கேட்கலாம். கீரிக்கு வாலில்தான் எல்லாம் இருக்கிறது. நுனி கறுத்து, மேல்நோக்கி வளைந்திருந்தால் செங்கீரி. நுனி வெளுத்திருந்தால் வயற்காட்டில் நாம் பார்க்கும் சாதாரணக் கீரி. புனுகுப் பூனைக்கு வாலில் வளையங்கள் உண்டு, மரநாய்க்குக் கிடையாது. வாலை வெட்டியவர் அந்தப் பிராணியின் விலாசத்தையே கிழித்துப் போட்டுவிட்டார்!

மூங்கில் அணத்தானின் கதை இதைவிடப் பரிதாபம். கூர்மூக்கும், தோளில் ஒரு வெளிறிய கீற்றும் கொண்ட பிராணி அது. அணிலுக்குள்ள முதுகுக் கோடுகள் அதற்கு இல்லை. 1913-ல் லையன் என்ற அமெரிக்க விலங்கியலார் நம் தமிழ்ப் பெயரையே எடுத்து அதன் இனத்துக்கு 'அனத்தானா' என்று பெயர் சூட்டினார். உலகம் தமிழில் அழைக்கிற பிராணியை நாம் 'ஏதோ அணில்' என்று தள்ளிவிடுகிறோம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. தேவாங்கைக் கையில் பிடித்து, முகத்தில் விளக்கடித்துப் படமெடுக்கிற வீரர்கள். இருட்டுக்கென்றே படைத்த கண்கள் அவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம்; சட்டம் இல்லாவிட்டாலும் அது பாவம்.

"கலைக்கு இலக்கணம் வகுக்க நீர் யார்?" என்பார்கள். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையிலேயே காட்டு விலங்குகளைப் படம்பிடித்தார். மிருகம் அதன் இடத்தில், அதன் இயல்பில் நின்றது. அதைக் கலை இல்லையென்று சொல்ல யாருக்குத் துணிச்சல் உண்டு?

இத்தனை ஆத்திரம் ஏன்? மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியில் 193 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை 2022 நவம்பரில் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தேவாங்கும், எறும்புத்தின்னியான அலங்கும் அங்கே வாழ்கின்றன என்று எடுத்துச் சொன்னார்கள். இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்த இடத்தையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊர் ஊராக மக்கள் எழுந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்துச் செய்தது.

மக்களுக்கு வாய் இருந்தது. அலங்குக்கு ஏது வாய்? படம்தான் அதன் சாட்சி. சாட்சி சொல்ல வருபவன் யார், எந்த ஊர், என்றைக்குக் கண்டது என்று சொல்ல வேண்டாமா? ஆகையால் காமிரா அன்பர்களே, மூக்கு முதல் வால் நுனிவரை பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். பாதம் தெரியட்டும். அளவு புரியப் பக்கத்தில் ஒரு செடியோ கல்லோ இருக்கட்டும். தேதியையும் இடத்தையும் குறித்து வையுங்கள். தேவாங்கின் இடத்தை மட்டும் ஊருக்கெல்லாம் தண்டோரா போடாதீர்கள், பிடிப்பவனும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அதற்குப் பிறகு அழகான முகத்தை எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் தடுக்கவில்லை.