தட்டிப் பார்த்தால் தப்பில்லை!



போன மாதம் மாமல்லபுரம் குப்பத்தில் என் சித்தப்பா தன் பைபர் படகுக்குப் பெயிண்ட் அடிக்க உட்கார்ந்தார். கரையேற்றும்போது அது ஒரு கல்லில் இடித்திருந்தது. "வெளியில ஒண்ணும் தெரியல. பட்டி வெச்சு பெயிண்ட் அடிச்சா சரியாப் போச்சு" என்றார். பக்கத்தில் இருந்த தாத்தா ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டினார். மற்ற இடமெல்லாம் 'டிங்'. இடித்த இடத்தில் மட்டும் 'டொப்'. "உள்ள பிரிஞ்சிருக்குடா!" என்றார். அறுத்துப் பார்த்தால், அடுக்குகள் பரோட்டா மாதிரி தனித்தனியாக வந்தன!

ஏன் அப்படி? உங்கள் நோட்டை வளைத்துப் பாருங்கள். தாள்கள் வழுக்குவதால் சுலபமாக வளைகிறது. எல்லாத் தாளையும் பசையால் ஒட்டிவிட்டால் பலகை போல் நிற்கும். பைபர் படகும் அப்படித்தான். கண்ணாடி இழைப் பாய்களை ரெசின் என்னும் பசையால் அடுக்கி ஒட்டியது. கண்ணாடிக்குப் பதில் கார்பன் இழை என்றால் விமானம், ராக்கெட் பாகம் கூடச் செய்யலாம். இழையோ இழுத்தால் அறுவது கடினம். பலவீனம் நடுவில் உள்ள பசையில்தான். அது விட்டுவிட்டால் அடுக்குகள் தனித்தனியே வளையும். அமுக்கினால் நெளிந்து ஒடியும். இரும்பு போல முன்னாடியே நசுங்கிக் காட்டாது.

டைட்டானிக் கப்பலைப் பார்க்கப் போன 'டைட்டன்' நீர்மூழ்கியின் உடல் கார்பன் இழையால் ஆனது. 2022 ஜூலையில் ஒரு பயணத்தின் முடிவில் 'படார்' என்று சத்தம் கேட்டது. சரியாகச் சோதிக்காமல் மறுபடியும் ஓட்டினார்கள். 2023 ஜூன் 18 அன்று அது கடலுக்குள் நொறுங்கி 5 பேர் இறந்தார்கள்.

அப்படியானால் இழைப் பொருளே கெட்டதா? இல்லை! அக்னி ஏவுகணைக்காக உருவான இலேசான பொருளைக் கொண்டுதான், நடக்க முடியாத குழந்தைகளுக்கு எடை குறைந்த காலணைப்பு செய்ய வைத்தார் அப்துல் கலாம். குறை பொருளில் இல்லை, பார்க்காமல் விடும் நம்மிடம்.

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் கட்டுமரம் குறைந்து பைபர் படகு பெருகிவிட்டது. கட்டுமரத்தில் கயிறு தளர்ந்தால் கண்ணுக்குத் தெரியும். பைபரில் காதுக்குத்தான் தெரியும்.

"ஒரு நாள் தொழில் போனா யாருடா சோறு போடுவா?" என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் தட்டிப் பார்க்க ஆவது பத்து நிமிஷம், ஒரு ரூபாய் நாணயம். அந்த நாணயமும் திரும்ப நம் பைக்கே வந்துவிடும்!

என் கருத்து இதுதான். பொருளை உடைக்காமலே உள்ளே சோதிக்கும் ஆய்வு, நம் பக்கத்துக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் நடக்கிறது. அங்கிருந்து ஒருவரை நம் அறிவியல் மன்றம் அழைக்க வேண்டும். அவரிடம் கற்றுக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போய் ஒவ்வொரு படகாகத் தட்டிப் பார்ப்போம். சந்தேகமான இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவோம். பெயிண்ட் அதற்கப்புறம்.

படகு பளபளப்பது முக்கியமா? போனவர் திரும்பி வருவது முக்கியமா? சிந்திப்போம், செயல்படுவோம்!

– பதினோராம் வகுப்பு மாணவன்